ஏழை வீட்டுப் பிள்ளை தொடுத்த கேள்வி

இரண்டு மாமேதைகள் மோதிக் கொண்டனர். ஒருவர் ஐன்ஸ்டீன், உலகமே அண்ணாந்து பார்த்த அறிஞர். மற்றவர் டென்மார்க் நாட்டு நீல்ஸ் போர். அணுவின் அமைப்பை வகுத்துக் காட்டிய வல்லவர். 1927-ல் மூண்ட வாதம் அது. இருவரும் நண்பர்கள், ஒருவரை ஒருவர் மதித்தவர்கள், எனினும் கொள்கையில் ஓர் அங்குலமும் விட்டுக் கொடுத்தாரில்லை. 1955-ல் ஐன்ஸ்டீன் மறைந்தார். 1962-ல் போர் மறைந்தார். வழக்காடிய இருவரும் போய்விட்டனர். வழக்கு மட்டும் தீர்ப்பின்றிக் கிடந்தது.

கிடந்த வழக்கைத் தூசி தட்டி எடுத்தார் ஒருவர். வாயால் வாதாடியது போதும், அளந்து பார்த்தே முடிவு கட்டலாம் என்று வழி காட்டினார். அவர் சீமான் வீட்டில் பிறந்தவரல்லர். பேராசிரியர் வீட்டுப் பிள்ளையுமல்லர். குதிரை வாங்கி விற்றுப் பிழைத்த ஒருவரின் மகன். பல்கலைக் கழகத்தின் வாயிலை அவர் முதன்முதல் மிதித்தது மாணவனாக அல்ல. பதினாறு வயதில், கூலிக்கு வேலை பார்க்கும் ஆய்வுக்கூட உதவியாளனாக. அவர்தான் ஜான் ஸ்டூவர்ட் பெல்.

தோழர்களே, அந்தப் பெயரைக் கட்சிக் கூட்டங்களில் நாம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய பெயர். ஏன் என்று சொல்கிறேன்.

1928-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள், வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார் பெல். கப்பல் கட்டும் தொழிலாளர் நிறைந்த ஊர் அது. கடலில் மூழ்கிப் பெயர் பெற்ற டைட்டானிக் கப்பலை ஆணி அடித்து உருவாக்கியவை அந்த ஊர்ப் பாட்டாளியின் கைகள்தாம். பெல்லின் தந்தை சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். தாயோ, படிப்பு ஒன்றுதான் பிள்ளைகளைக் கரை சேர்க்கும் என்று உறுதியாக நம்பியவர். பிள்ளைகள் நால்வர்: ஒரு தமக்கை, பிறகு ஜான், பிறகு இரு தம்பியர்.

அந்நாளில் அங்கே உயர்நிலைப் பள்ளி இலவசமல்ல. பதினான்கு வயது நிறைந்ததும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலை தேடிக் கிளம்ப வேண்டும். அது எழுதாத சட்டம். பெல் வீட்டிலும் அதே கதைதான். நான்கு பிள்ளைகளில் ஒரே ஒருவனைத்தான் மேலே படிக்க வைக்க முடிந்தது. மற்ற மூவரும் வேலைக்குப் போயினர். மூளை இல்லாமலா போயினர்? தம்பிகளுள் ஒருவர், டேவிட், பகலெல்லாம் உழைத்து இரவிலே படித்து மின்பொறியாளராகி, பின்னாளில் கனடா நாட்டில் பேராசிரியராகவே உயர்ந்தார். அறிவு நால்வருக்கும் இருந்தது; பணம் ஒருவனுக்குத்தான் இருந்தது!

அந்த ஒருவன் ஜான். பதினோரு வயதில், தான் விஞ்ஞானி ஆகப் போவதாக அம்மாவிடம் அறிவித்தவன். நூல் நிலையமே கதியென்று கிடந்ததால், பேராசிரியர் என்று வேடிக்கையாக அவனை அழைத்தனர் வீட்டார். உயர்தரப் பள்ளிகளுக்குச் சம்பளம் கட்ட வழியில்லை. ஆகவே கட்டணம் குறைந்த தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். ஏட்டுப் படிப்போடு கைத்தொழிலும் கற்பித்த பள்ளி அது. 1944-ல் படிப்பு முடிந்தது. வயது பதினாறு. வேலை தேடி அலைந்தவனுக்குக் கிடைத்தது, குவீன்ஸ் பல்கலைக் கழகத்துப் பௌதிகக் கூடத்தில் உதவியாளர் வேலை.

மாணவர்களுக்குக் கருவிகளை எடுத்து வைக்கும் பையன், அந்த மாணவர்கள் படிக்கும் பாடத்தையே கரைத்துக் குடிக்கிறான் என்பதை அங்கிருந்த ஆசிரியர்கள் எமிலியஸ், ஸ்லோன் என்ற இருவர் கண்டு கொண்டனர். நூல்களை இரவல் தந்தனர். முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்து கேட்க அனுமதித்தனர். ஓராண்டு கழித்து, 1945-ல், அதே பல்கலைக் கழகத்தில் மாணவனாகவே சேர்ந்தான் பெல். 1948-ல் ஒரு பட்டம். 1949-ல் கணிதப் பௌதிகத்தில் மற்றொரு பட்டம். கதவைத் திறந்துவிட்ட அந்த இருவரின் நற்பண்பையும் நாம் மறக்கக் கூடாது. கதவு திறக்கப்படாத பெல்கள் எத்தனை பேரோ, கணக்கிட்டவர் யார்?

மாணவனாக இருந்தபோதே பெல்லுக்கு ஒரு கேள்வி குடைந்தது. அணுவுக்குள் நடப்பதைச் சொல்லும் சாத்திரத்துக்குக் குவாண்டம் தத்துவம் என்று பெயர். அது தரும் கணக்குகள் பிசகுவதில்லை. ஆனால், அந்தக் கணக்கு எதைப் பற்றியது என்று கேட்டால், ஆசான்களின் பதில் தெளிவாக இல்லை. ஒரு துகளை அளந்து பார்ப்பதற்கு முன்னால் அதற்கு நிச்சயமான தன்மை இருக்கிறதா, இல்லையா? இல்லை, அளக்கும்போதுதான் அது பிறக்கிறது. அதற்கு மேல் கேட்பதே தவறு என்பது போர் வகுத்த வழி. பெல் அதை ஒப்பவில்லை. தனக்கு வாழ்வு காட்டிய ஸ்லோனிடமே சூடாக வாதாடினார். நன்றி வேறு, நியாயம் வேறு என்பதை அந்த வயதிலேயே அறிந்தவர் அவர்.

ஐன்ஸ்டீனும் அதே கேள்வியைத்தான் எழுப்பியிருந்தார். 1935-ல், பொடோல்ஸ்கி, ரோசன் என்ற இரு துணைவரோடு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம் இது. இரண்டு துகள்கள் ஓரிடத்தில் ஒன்றாகத் தோன்றி எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. இடையே நெடுந்தூரம். இருந்தும், ஒன்றை அளந்தால் மற்றொன்றின் நிலை நமக்கு உடனே தெரிந்து விடுகிறது. இத்தகைய துகள்களைப் பிணைந்த துகள்கள் என்பர். அந்தப் பெயரை அதே ஆண்டில் சூட்டியவர் ஆஸ்திரிய அறிஞர் ஷ்ரோடிங்கர். இங்கே அளந்ததால் அங்கே எட்டாத தூரத்தில் இருப்பது மாறிவிடுமா? மாறாது, அப்படியானால் அந்தத் துகள் தன் பதிலைப் புறப்படும்போதே மடியில் கட்டிக் கொண்டு போயிருக்க வேண்டும், அதைச் சொல்லாத குவாண்டம் தத்துவம் குறையுள்ளது என்றார் ஐன்ஸ்டீன்.

ஒரு சோடிக் காலுறையை எண்ணிப் பாருங்கள். ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். பிரித்து இரண்டு பெட்டியில் போட்டு, ஒன்றை இங்கேயும் மற்றொன்றை அடுத்த ஊரிலும் வைக்கிறோம். இங்கே திறந்தால் சிவப்பு. உடனே அங்கே இருப்பது நீலம் என்று தெரிகிறது. இதில் மாயமென்ன? நிறம் முதலிலேயே அதனதன் பெட்டியில் இருந்தது. வியன்னாவைச் சேர்ந்த பெர்ட்ல்மன் என்ற விஞ்ஞானி நாள்தோறும் கால் ஒன்றுக்கு ஒரு நிறமாகக் காலுறை போடும் வழக்கமுடையவர். அவர் காலுறையைக் காட்டியே இந்த வாதத்தை 1980-ஆம் ஆண்டளவில் விளக்கி எழுதினார் பெல். துகள்களும் அந்தக் காலுறை போன்றவைதாமா? அதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று ஒரு கோட்டைச் சுவர் எழும்பியிருந்தது. வான் நாய்மன் என்ற மகா கணித மேதை, துகள்கள் மடியில் பதிலைச் சுமந்து செல்வது நடவாத காரியம் என்று 1932-ல் ஒரு நூலில் நிரூபித்து விட்டதாக எல்லோரும் சொன்னார்கள். நூல் ஜெர்மன் மொழியில் இருந்தது. படித்தவர் சிலர், படிக்காமலே தலையாட்டியவர் பலர். பெரியவர் சொன்னார், ஆகவே சரி! கிரேட்டே ஹெர்மன் என்ற பெண்மணி 1935-லேயே அந்த நிரூபணத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். அவர் குரல் சபையேறவில்லை.

பெல்லோ 1949-ல் இங்கிலாந்தின் அணுசக்தி ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். துகள்களை முடுக்கிவிடும் எந்திரங்களை வடிவமைக்கும் பணி. அங்கேதான் மேரி ராஸ் என்ற ஸ்காட்லாந்து நாட்டுப் பெண் விஞ்ஞானியைச் சந்தித்தார். 1954-ல் இருவரும் மணந்து கொண்டனர். வாழ்விலும் ஆய்விலும் இணைபிரியாத் தோழர்களாயினர்.

1952-ல் பெல்லின் கைக்கு இரண்டு கட்டுரைகள் வந்தன. எழுதியவர் டேவிட் போம். யார் இந்தப் போம்? அமெரிக்காவில் செஞ்சட்டை வேட்டை நடந்த காலம். நண்பர்களைக் காட்டிக் கொடுக்கும்படி விசாரணைக் குழு கேட்டது. வாய் திறக்க மறுத்தார் போம். 1950-ல் கைது செய்யப்பட்டார். 1951-ல் நிரபராதி என்று நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் அவரை மீண்டும் வேலைக்கு ஏற்கவில்லை. பிழைப்புத் தேடிப் பிரேசில் நாட்டுக்குப் போனார். அங்கே அவருடைய பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது. அந்த மனிதர்தான், நடவாத காரியம் என்று வான் நாய்மன் முத்திரை குத்தியதை நடத்தியே காட்டியிருந்தார்! துகளுக்கு நிச்சயமான நிலை உண்டு என்று கொண்டு, குவாண்டம் தத்துவத்தின் கணக்குகளையெல்லாம் பிசகின்றிக் கொண்டு வந்திருந்தார்.

பெல் திகைத்தார். நடவாது என்ற நிரூபணம் ஒரு கையில். நடந்தது மறு கையில். இரண்டும் மெய்யாக இருக்க முடியாதே! அப்படியானால் பிழை எங்கே? அந்தக் கேள்வியை நெஞ்சிலே சுமந்தபடி பத்தாண்டுக்கு மேல் வேறு வேலை பார்த்தார். 1960-ல் கணவனும் மனைவியும் ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்துக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவர் சம்பளத்துக்குச் செய்தது துகள் பௌதிகம். அதிலும் பேர் சொல்லும் சாதனைகள் செய்தார். இந்தக் கேள்வியோ ஓய்வு நேரத்து வேலை.

1963 இறுதியில் ஓராண்டு விடுப்பில் அமெரிக்கா சென்றபோது, இரண்டு கட்டுரைகளை எழுதினார். முதலாவது, வான் நாய்மனின் பிழையைக் காட்டியது. பிழை என்ன? சராசரிக்குப் பொருந்தும் ஒரு விதியைத் தனித்தனித் துகளுக்கும் பொருந்தியாக வேண்டும் என்று அவர் எடுத்துக் கொண்டு விட்டார். ஓர் ஊரில் குடும்பத்துக்குச் சராசரி நாலரைப் பேர் என்று கணக்கெடுப்பு சொல்லலாம். அதனால் எந்த வீட்டிலாவது அரை ஆள் உட்கார்ந்திருப்பானா? முப்பதாண்டுக் காலம் கோட்டையென்று நின்றது இந்த அளவிலேதான். ஏட்டு அலுவலகத்தில் தாள் இடம் மாறிக் கிடந்ததால், கட்டுரை 1966-ல்தான் அச்சேறியது.

இரண்டாவது கட்டுரை 1964-ல் வந்தது. ஆறே பக்கம். பெரிய ஏடுகள், பக்கத்துக்கு இவ்வளவு என்று ஆசிரியரிடமே பணம் கேட்கும். விருந்தாளியாக வந்த இடத்தில் அதைக் கட்டச் சொல்லிக் கேட்கக் கூசினார் பெல். கட்டணம் கேட்காத ஒரு புது ஏட்டுக்கு அனுப்பினார். அந்த ஏடும் சில ஆண்டுகளில் நின்று போயிற்று. ஐன்ஸ்டீன், போர் வழக்கைத் தீர்க்க வந்த கட்டுரை இப்படித்தான் ஓசையின்றி உலகில் நுழைந்தது.

அதில் இருந்தது என்ன? பெல் எழுதிய கணிதத்தின் வடிவம் வேறு. ஆனால் சாரத்தை நாம் விரல் விட்டு எண்ணியே அறியலாம்.

ஓர் ஆலையில் இரண்டு தொழிலாளரை நிர்வாகம் விசாரிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒருவரை ஓர் அறையில்; மற்றவரை வேறோர் அறையில். இடையே பேச்சுக்கு வழியில்லை. கேட்கக் கூடிய கேள்விகள் மூன்று. ஒவ்வொருவரிடமும் ஒரு தடவைக்கு ஒன்றுதான் கேட்கப்படும். எந்தக் கேள்வி என்பது சீட்டுக் குலுக்கி எடுக்கப்படும். பதில், ஆம் அல்லது இல்லை. இப்படிப் பலமுறை கேட்டதில், இருவரிடமும் ஒரே கேள்வி வந்தபோதெல்லாம் ஒரே பதில் வந்தது. ஒருமுறை கூடத் தவறவில்லை. விசாரிப்பவர் என்ன நினைப்பார்? மூன்று கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதானே? ஐன்ஸ்டீன் துகள்களைப் பற்றி நினைத்ததும் அதுவே.

இப்போது பெல்லின் கூர்மையைக் காணுங்கள். ஒரே கேள்வி வந்த தடவைகளை அவர் விட்டுவிடுகிறார். வேறு வேறு கேள்வி வந்த தடவைகளை எடுத்துக் கொள்கிறார். பேசி வைத்த பதில்கள் மூன்று. ஆனால் பதிலின் வகை இரண்டுதான். மூன்று பேருக்கு இரண்டே நிறச் சட்டை கொடுத்தால், எப்படிக் கொடுத்தாலும் இருவருக்காவது ஒரே நிறம் அமைந்தே தீரும். அதுபோல மூன்று பதில்களில் இரண்டாவது ஒன்றாகவே இருக்கும். முதற் கேள்வியும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், முதலாவதும் மூன்றாவதும் என்று சோடிகள் மூன்று. அவற்றில் ஒரு சோடியாவது ஒத்திருந்தாக வேண்டும். ஆகவே, வேறு வேறு கேள்வி கேட்ட 300 தடவைகளை எடுத்தால், சுமார் 100 தடவைக்குக் குறையாமல் பதில் ஒத்திருக்க வேண்டும். முன்னேற்பாடு எதுவானாலும் சரி, இந்த எல்லைக்குக் கீழே போக முடியாது.

பிணைந்த ஒளித்துகள்களுக்குக் குவாண்டம் தத்துவம் சொல்லும் கணக்கு என்ன தெரியுமா? ஒளியை வடிகட்டும் கருவியை 60 பாகை இடைவெளியுள்ள மூன்று கோணங்களில் நிறுத்துவதே மூன்று கேள்விகள். துகள் கடந்து போனால் ஆம், தடைபட்டால் இல்லை. ஒரே கோணத்தில் பதில் எப்போதும் ஒத்திருக்கும். வேறு கோணங்களில் 300-க்கு 75 தடவைதான் ஒத்திருக்கும்! நூறா, எழுபத்தைந்தா? இரண்டுக்கும் இடையே மழுப்ப இடமில்லை. அறிஞர் சபையில் முப்பதாண்டு பேசித் தீராதது, எண்ணிப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்ற நிலைக்கு வந்தது.

கட்டுரை சில ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1969-ல் கிளாசர் என்ற அமெரிக்க இளைஞர் அதைப் பற்றிக் கொண்டார்; ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் என்பவர்களோடு சேர்ந்து, ஆய்வுக்கூடத்தில் அளக்கத்தக்க வடிவுக்குக் கொண்டு வந்தார். 1972-ல் கிளாசரும் பிரீட்மனும் கால்சியம் அணுக்கள் உமிழும் ஒளித்துகள் சோடிகளை அளந்தனர். தத்துவம் சொன்னபடியே விடை வந்தது. பேசி வைத்த பதில் என்ற எண்ணம் அடிபட்டது.

அளவுக் கருவிகளை முன்னதாகவே நிறுத்தி விடுவதால், ஏதோ ஒரு வழியில் சேதி கசிந்திருக்கலாமே என்ற ஐயம் மிஞ்சியது. அதை அடைக்கப் புறப்பட்டவர் பிரான்சு நாட்டு ஆலென் ஆஸ்பே. 1975-ல் ஜெனிவா சென்று பெல்லிடம் தம் திட்டத்தை விளக்கினார். பெல் முதலில் விசாரித்தது கருவியைப் பற்றியல்ல. இந்த இளைஞனுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்பதைத்தான். ஏனெனில், இந்தக் கேள்வியில் கை வைத்தவர்களைக் கிறுக்கர் என்று தள்ளி வைத்த காலம் அது. பிழைப்புக்கே கேடு வரும். வயிற்றுப்பாடு என்னவென்று அறிந்த மனிதரின் விசாரிப்பு அது! வேலை உண்டு என்று தெரிந்த பிறகே ஊக்கம் தந்தார். 1982-ல் ஆஸ்பே தம் துணைவர்களோடு அளந்து காட்டினார். முன்னேற்பாட்டுக் கொள்கைப்படி ஓர் அளவு 2-ஐத் தாண்டக் கூடாது, கண்டதோ 2.697. மற்றொரு சோதனையில், ஒளித்துகள் பறந்து கொண்டிருக்கும்போதே கேள்வி மாற்றப்பட்டது. கருவிகளிடையே 12 மீட்டர். அதைக் கடக்க ஒளிக்கே ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி அதில் 40 பங்கு வேண்டும். கேள்வி மாறியதோ 10 பங்குக்கு ஒருமுறை. அப்போதும் விடை மாறவில்லை.

ஆக, துகள்கள் காலுறைகளல்ல. பதில் முன்பே நிச்சயம், எட்ட இருப்பது எட்ட இருப்பதைத் தொடாது என்ற இரண்டையும் ஒருசேரப் பிடித்துக் கொண்டிருக்க இயற்கை இடம் தரவில்லை. இதைக் காட்டி, நினைத்த மாத்திரத்தில் சேதி அனுப்பலாம், மனத்தோடு மனம் பேசலாம் என்று கதை கட்டுவோர் உண்டு, நம்பாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் கிடைப்பது தாறுமாறான ஆம், இல்லைகளே. இரு பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் ஒற்றுமை தெரியும். இதைக் கொண்டு ஒரு சொல்லும் அனுப்ப முடியாது.

இதிலே பெல்லின் பெருமை எங்கே இருக்கிறது? அவர் மனம் ஐன்ஸ்டீன் பக்கம் சாய்ந்திருந்தது. ஐன்ஸ்டீன் சொன்னதே நியாயமாக அவருக்குப் பட்டது. அது வென்றால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அவர் வகுத்த சோதனை, இரு பக்கத்துக்கும் பொதுவான சோதனை. தான் விரும்பியது தோற்கக் கூடும் என்று அறிந்தே அதை வகுத்தார். தோற்றது. ஒளிக்கவில்லை; திரிக்கவில்லை; ஊரறியச் சொன்னார். ஆயினும், அளவை என்றால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்ற தம் பழைய கேள்வியைக் கடைசி நாள் வரை விடவுமில்லை. பெரியவர் பெயருக்கு அஞ்சாமை ஒரு துணிவு. தன் ஆசைக்கே சலுகை காட்டாமை அதனினும் பெரிய துணிவு.

உதவியாளனாக நுழைந்த அதே குவீன்ஸ் பல்கலைக் கழகம் 1988-ல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1990 அக்டோபர் முதல் நாள், மூளையில் இரத்தம் கசிந்து, ஜெனிவாவில் திடீரென மறைந்தார். வயது 62. அவர் மூட்டிய தீ அணையவில்லை. 2015-ல் நெதர்லாந்தில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், எஞ்சிய பெரும் சந்துகளையும் ஒருங்கே அடைத்துச் சோதித்தார்கள். 2017-ல் சீனர்கள் விண்கலத்திலிருந்து 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் சோதித்தார்கள். விடை அதுவே. ஒட்டுக்கேட்க முடியாத இரகசியச் சேதி முறைக்கு இன்று அவருடைய கணக்கே காவல் நிற்கிறது. 2022-ல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மறைந்தவருக்கு அந்தப் பரிசு தரப்படுவதில்லை. பெல்பாஸ்டில் ஒரு தெருவுக்கு 2015-ல் பெல்லின் தேற்றம் என்று பெயர் வைத்தார்கள். மனிதர் பெயரைத் தெருவுக்கு இடும் வழக்கம் அந்த நகராட்சிக்கு இல்லை என்பதால், கண்டுபிடிப்பின் பெயரால் அவர் நினைவு நிற்கிறது.

தோழர்களே, நான்கு பிள்ளைகளில் ஒருவனுக்குத்தான் பள்ளிச் சம்பளம் கட்ட முடிந்தது அந்த வீட்டில். அந்த ஒருவனையும் பதினான்கு வயதில் வேலைக்கு அனுப்பியிருந்தால், ஐன்ஸ்டீனும் போரும் விட்டுச் சென்ற வழக்கு இன்னும் எத்தனை காலம் கட்டிலேயே கிடந்திருக்கும்? உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், படிப்பை நிறுத்தப் போகும் பிள்ளை யார் என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளை பெரியவரை எதிர்த்துக் கேள்வி கேட்டால், வாயை அடைக்காதீர்கள். கேள்வியைக் கேளுங்கள், சரிதானா என்று எண்ணிப் பாருங்கள். பெல் கற்றுத் தந்தது அதுதான்.